அட்டவணை நிரப்பியது போதும், ஆசிரியருக்குத் துணை வேண்டும்
கல்லூரிப் பாட வடிவமைப்பு குறித்து ஆசிரியர் மன்றத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் இன்று செமஸ்டர் கேள்வித்தாளைக் கையில் எடுத்தால், ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் கே1, கே2 என்றோ சி.ஓ.1, சி.ஓ.2 என்றோ ஒரு குறி இருக்கும். கேள்வி எந்த நிலைச் சிந்தனையைக் கேட்கிறது, அந்தத் தாளின் எந்தக் கற்றல் விளைவோடு சேர்கிறது என்று காட்டத்தான் இந்தக் குறிகள். 1956இல் பெஞ்சமின் புளூம் குழு வெளியிட்டு, 2001இல் திருத்தப்பட்ட வகைப்பாடு, தர மதிப்பீட்டுப் படிவங்கள் வழியாக இந்த ஓரம் வரை வந்துவிட்டது. கேள்வியோ பெரும்பாலும் பழையதுதான். ‘வரையறு’ இருந்த இடத்தில் ‘பகுத்தாய்க’ வந்திருக்கிறது. விடை அதே நோட்ஸின் அதே பக்கத்தில் இருக்கிறது.

இதற்கு ஆசிரியரைக் குறை சொல்வதை மன்றம் ஏற்கவில்லை. கற்றலை மையமாக வைத்துப் பாடத்தை வடிவமைப்பது கற்றுக்கொண்டு, செய்து பார்த்து, திருத்திப் பழக வேண்டிய வேலை. அந்த வேலைக்கு நேரமும் துணையும் தராமல் படிவத்தை மட்டும் கேட்பதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். இதுவே மன்றத்தின் நிலைப்பாடு.

இந்தப் படிவங்களுக்குப் பின்னணி உண்டு. 2014இல் இந்தியா, பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. பொறியியல் படிப்பு முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கலை, அறிவியல் கல்லூரிகளும் தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்காக அதே மொழிக்கு மாறின. நோக்கத்தில் பிழை இல்லை. நடைமுறையில் அது, தாளின் விளைவுகளைப் படிப்பின் விளைவுகளோடு பொருத்தும் சி.ஓ.–பி.ஓ. மேப்பிங் அட்டவணையாகச் சுருங்கி, மதிப்பீட்டுக் குழு பார்வையிட வரும் சமயத்தில் எக்செலில் 1, 2, 3 என்று எண் நிரப்பும் வேலையாகிவிட்டது.

அட்டவணைக்கு வெளியே இந்த வேலை எப்படி இருக்கும்? பி.காம். புள்ளியியல் தாளை எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான கேள்வி, பத்து எண்களைத் தந்து சராசரியும் இடைநிலை அளவும் கண்டுபிடிக்கச் சொல்லும். அதே கணக்கை வேறு மாதிரியும் கேட்கலாம். ஒரு பட்டறையில் பத்துப் பேர். ஒன்பது பேருக்கு மாதம் 14,000 ரூபாய், மேலாளருக்கு 1,14,000. சராசரிச் சம்பளம் 24,000 என்கிறது நிர்வாகம். இடைநிலை 14,000 என்கிறது தொழிற்சங்கம். இரண்டு கணக்கும் சரி. கூலிப் பேச்சுவார்த்தையில் எந்த எண்ணை வைப்பது, ஏன் என்று மாணவர் எழுத வேண்டும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் இங்கே பாதி வழியில் நின்றுவிடுவார்.

இப்படி ஒரு கேள்வி செமஸ்டர் தேர்வில் வரும் என்றால், வகுப்பும் அதற்கேற்ப மாறியாக வேண்டும். மாணவர்கள் அதுபோன்ற நாலைந்து கணக்குகளை முன்பே விவாதித்திருக்க வேண்டும்; இன்டர்னலில் ஒருமுறை தவறி, திருத்தம் பெற்றிருக்க வேண்டும். முடிவில் மாணவர் செய்ய வேண்டியதை முதலில் தீர்மானித்து, அதற்குச் சான்று எது என்று வகுத்து, கடைசியில் வகுப்புகளைத் திட்டமிடும் இந்தப் பின்னோக்கு முறையைக் கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை இருவரும் 1998இல் நூலாக்கினார்கள். நம் லெசன் பிளானோ முதல் யூனிட்டில் தொடங்கி, போர்ஷன் முடிவதில் முடிகிறது.

பலன் உண்டா என்ற கேள்விக்கு ஆதாரம் இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் குறித்த 225 ஆய்வுகளைத் தொகுத்து, 2014இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், கணக்குகளைச் சரியாகப் போட்ட தன் மாணவர்களே விசை பற்றிய எளிய கேள்விகளில் தடுமாறுவதைக் கண்ட பிறகுதான், வகுப்பின் நடுவே மாணவர்கள் தங்களுக்குள் வாதிட்டு விடை தேடும் முறைக்கு மாறினார்.

அதே பல்கலைக்கழகத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஈடுபட்டுப் படித்த மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் நல்ல விரிவுரையைக் கேட்டபோதுதான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். பாடமுறையை மாற்றும் ஆசிரியருக்கு முதல் பருவத்தில் மாணவர் கருத்துப் படிவத்தில் மதிப்பெண் குறையலாம். அதைக் காட்டி அவரிடம் விளக்கம் கேட்கும் கல்லூரியில் அடுத்தவர் யாரும் முயல மாட்டார்.

பயிற்சியே இல்லை என்று மன்றம் சொல்லவில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டித் தொடங்கிய அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகள், பெயர்கள் மாறி இன்று மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. சிக்கல், பயிற்சி பதவி உயர்வுக்கான சான்றிதழோடு முடிந்துவிடுவதில்தான். திங்கள்கிழமை வகுப்புக்குத் திரும்பும் ஆசிரியரின் சொந்தத் தாளை யாரும் அவரோடு உட்கார்ந்து பார்ப்பதில்லை. பதவி உயர்வே இல்லாத கௌரவ விரிவுரையாளருக்கு அந்தச் சான்றிதழாலும் பயனில்லை. 1962 முதல் இயங்கும் மிச்சிகன் பல்கலைக்கழகக் கற்றல்–கற்பித்தல் மையம் வேறு வழியில் போகிறது. பருவத்தின் நடுவே மைய ஆலோசகர் வகுப்பைப் பார்க்கிறார். ஆசிரியர் வெளியேறியதும் மாணவர்களிடம் பேசுகிறார். கேட்டதைத் தொகுத்து ஆசிரியரோடு கலந்துபேசுகிறார்.

மன்றத்தின் கோரிக்கைகள் நான்கு.

1. தன் தாளை மறுவடிவமைக்கும் ஆசிரியருக்கு அந்தப் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேர வகுப்பைக் குறைக்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். இந்த வேலையையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

2. ஒவ்வொரு கல்லூரியிலும் கற்பித்தலில் தேர்ந்த இரண்டு மூன்று ஆசிரியர்களைப் பாட ஆலோசகர்களாக அமர்த்த வேண்டும். அவர்கள் பார்த்ததும் கேட்டதும் பணி மதிப்பீட்டுக்குப் போகக் கூடாது.

3. கௌரவ விரிவுரையாளர்களுக்கும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுக்கும் இந்த உதவி சமமாகவும், ஊதியத்தோடும் கிடைக்க வேண்டும்.

4. மாற்றம் தொடங்கிய முதல் இரண்டு பருவங்களில் மாணவர் கருத்துப் படிவத்தை ஆசிரியருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது.

இணைவுக் கல்லூரி ஆசிரியரால் சிலபஸையோ செமஸ்டர் கேள்வித்தாளையோ மாற்ற முடியாது என்ற வாதம் நியாயமானது. ஆனால் இன்டர்னல் மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களுக்கு அது 40. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இந்தத் தடையும் இல்லை. 1978 முதல் தமிழ்நாட்டில் தன்னாட்சி நடைமுறையில் இருக்கிறது.

விரிவுரையை ஒழிக்க வேண்டும் என்பதோ எல்லாத் தாள்களையும் ஒரே ஆண்டில் மாற்ற வேண்டும் என்பதோ மன்றத்தின் கோரிக்கை அல்ல. ஓர் ஆசிரியர், ஒரு பருவத்தில், ஒரு தாள் என்று தொடங்கினால் போதும். பாடத்திட்டக் குழுக்களில் இடம்பெற்றுள்ள மன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானத்தை முன்மொழிவார்கள்: ஒப்புதலுக்கு வரும் ஒவ்வொரு புதிய தாளோடும் மாதிரிக் கேள்வித்தாளும் ஓர் இன்டர்னல் பணியின் முழு விவரமும் இணைக்கப்பட வேண்டும், குழு முதலில் அவற்றைப் படித்த பிறகே யூனிட் பட்டியலுக்குப் போக வேண்டும்.