முகமூடிக் கச்சேரி

ஒரு சங்கீதக் கச்சேரி நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டதும் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? என்ன ராகம், என்ன கீர்த்தனம் என்றா கேட்கிறோம்? இல்லவே இல்லை. "பாடுகிறவர் யார்?" என்பதுதான் முதற் கேள்வி. அதற்குப் பிறகு அவருடைய ஊர், அவருடைய குரு, பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் விசாரித்துத் தெரிந்து கொண்டுதான் டிக்கெட் வாங்கக் கிளம்புகிறோம். பெயரும் இல்லாமல், முகமும் இல்லாமல் ஒருவர் மேடையேறி, உலகமெல்லாம் சபைகளை நிரப்பிவிட முடியும் என்று யாராவது சொன்னால், அவருக்குச் சித்தஸ்வாதீனம் சற்றுக் குறைவு என்றே நினைத்திருப்போம்.

ஸ்வீடன் தேசத்தில் ஒருவர் இந்தக் காரியத்தைச் செய்து காட்டினார். அந்த வெற்றி எந்த இடத்தில் வழக்கு மன்றத்தின் வாசற்படியை மிதித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை பூர்த்தியாகும்.

முதலில் அந்தச் சங்கீதத்தின் ஜாதி இன்னதென்று சொல்லிவிடுகிறேன். அதற்கு 'ஹெவி மெட்டல்' என்று பெயர். கனமான உலோகம் என்று பொருள். மின்சார கிட்டார்களின் உறுமலும், டிரம்ஸ் வாத்தியத்தின் இடியும் சேர்ந்து, கேட்பவரின் காதைத் தாண்டி நெஞ்சுக்கூட்டிலேயே மோதும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரத்திலிருந்து வந்த 'பிளாக் ஸாபத்' கோஷ்டியார் 1970-ஆம் வருஷத்தில் வெளியிட்ட முதல் இசைத்தட்டிலிருந்து இந்தச் சங்கீதத்தின் சரித்திரத்தைத் தொடங்குவது வழக்கம். அது பிறந்த சில வருஷங்களுக்குள்ளேயே வேஷமும் அதனுடன் வந்து சேர்ந்துவிட்டது. 1973-இல் நியூயார்க்கில் தோன்றிய 'கிஸ்' கோஷ்டியார் முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு வாயிலிருந்து நெருப்பைக் கக்கினார்கள். 1995-இல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் தோன்றிய 'ஸ்லிப்நாட்' கோஷ்டியார் ஆளுக்கொரு பயங்கர முகமூடி தரித்து, பெயருக்குப் பதிலாக எண்களைச் சூட்டிக்கொண்டார்கள். ஆகவே, முகமூடி புதிதல்ல. ஆனால் இந்த ஸ்வீடன்காரர் அதைக்கொண்டு செய்த வேலை புதிது.

ஸ்டாக்ஹோம் நகருக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோ மீட்டர் தூரத்தில் லிங்ஷோப்பிங் என்று ஓர் ஊர் இருக்கிறது. பழைய காலத்துப் பெரிய மாதாகோவில் ஒன்றும், ஆகாய விமானத் தொழிற்சாலை ஒன்றும் அவ்வூரின் பெருமைகள். அங்கே 1981-ஆம் வருஷம் பிறந்தவர் டோபியஸ் ஃபோர்ஜ் என்பவர். இளமையிலிருந்தே பல சங்கீத கோஷ்டிகளில் சேர்ந்து பார்த்தார். எதிலும் பிரமாதமான பெயர் கிடைக்கவில்லை. 2006-இல் அவர் ஒரு பாட்டுக் கட்டினார். அந்தப் பாட்டு அவர் அதுவரை கட்டிய பாட்டுக்களைப்போல் இல்லை. சாத்தானைப் போற்றும் பொல்லாத சாகித்தியம். ஆனால் மெட்டோ தேனாக இனித்தது! இந்த விபரீத சேர்க்கைக்கு ஏற்ற ஒரு நாடகமும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கோஷ்டிக்கு 'கோஸ்ட்', அதாவது 'பேய்' என்று பெயர் வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபோர்ஜுக்குத் தாமே பாட வேண்டும் என்ற ஆசை கிடையாது. கிட்டார் வாசித்துக்கொண்டு ஓர் ஓரமாக நிற்கவே விரும்பினார். தமக்குப் பிடித்த பாடகர்கள் சிலரைக் கேட்டுப் பார்த்தார். அவர்கள் ஒருவரும் இசையவில்லை. வேறு வழியின்றித் தாமே பாடினார். பாடகனாக நிற்கக் கூச்சப்பட்ட மனிதருக்கு முகமூடி எவ்வளவு பெரிய உபகாரம் செய்திருக்கும் என்று ஊகித்துக் கொள்ளலாம்.

2010-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி, 'மைஸ்பேஸ்' என்னும் வலைத்தளத்தில் மூன்று பாட்டுக்களை அவர் வெளியிட்டார். சில நாட்களுக்குள்ளே பல தேசங்களிலிருந்தும் ரஸிகர்களும், இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்களும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். நெடுநாள் காத்திருந்த அதிர்ஷ்டம் வாசலில் வந்து நின்ற அதே தினத்தில், அவருடைய மூத்த சகோதரர் காலமானார். வாழ்க்கை சில சமயம் எந்த நாடகாசிரியனும் எழுதத் துணியாத காட்சிகளை எழுதிவிடுகிறது.

அவ்வருஷம் அக்டோபரில் முதல் இசைத்தட்டு வெளியாயிற்று. மேடையில் ஜனங்கள் கண்ட காட்சி இதுதான்: போப்பாண்டவரைப் போல் நீண்ட அங்கியும் உயர்ந்த கிரீடமும் தரித்த ஒருவர், அவர் முகமோ மண்டையோடு! பெயர் 'பாப்பா எமெரிடஸ்'. அவரைச் சுற்றிலும் முகம் மறைத்த வாத்தியக்காரர்கள். ஆங்கிலத்தில் அவர்களுக்கு 'நேம்லெஸ் கூல்ஸ்' என்று பெயர். பரணி படித்த தமிழர்கள் 'பெயரற்ற கூளிகள்' என்று மொழிபெயர்த்துக் கொள்ளலாம். ஓசையும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது! நெருப்பு, நீர், காற்று, மண், ஆகாயம் என்று ஒவ்வொரு கூளிக்கும் ஓர் அடையாளக் குறி மட்டும் உண்டு. இசைத்தட்டில் பாட்டு இயற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் 'கூளி எழுத்தாளன் ஒருவன்' என்றுதான் அச்சிட்டிருந்தது.

ஸ்வீடன் பெரும்பாலும் லூதரின் மதத்தைச் சேர்ந்த நாடு. அங்கே கத்தோலிக்கப் பாதிரியாரின் வேஷத்தைப் பரிகசிப்பது அவ்வளவாக யாரையும் புண்படுத்தவில்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. இரண்டாவது இசைத்தட்டை நாஷ்வில் நகரத்தில் பதிவு செய்தபோது, சேர்ந்திசை பாட அவ்வூர்ப் பாடகர்கள் முன்வரவில்லை. சாகித்தியத்தைப் பார்த்ததும் மறுத்துவிட்டார்கள். கடைசியில் அந்தப் பகுதியை ஹாலிவுட்டில் பதிவு செய்ய நேர்ந்தது. மறுத்தவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. பிறர் கைகூப்பித் தொழும் சின்னங்களை வேடிக்கைப் பொருளாக்கும்போது, "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால், இந்தப் பொம்மைப் போப்பாண்டவர் மேடையில் செய்வதையெல்லாம் பார்த்தால், உண்மையான சாத்தான் வெட்கப்பட்டு ஊரைவிட்டு ஓடிவிடுவான் என்றே தோன்றுகிறது. அவர் செய்வதில் விகடம் பாதி, சரஸம் பாதி. பயமுறுத்துவதற்கு மிச்சம் ஒன்றுமில்லை.

சங்கீதமும் அப்படித்தான். ஸ்வீடன் நாட்டின் 'ஆபா' கோஷ்டியின் இனிமையான மெட்டுக்களைக் கேட்டு வளர்ந்த தேசத்தில் பிறந்த பாட்டு இது. 'ஆபா'வின் பாட்டொன்றையே 'கோஸ்ட்' கோஷ்டியார் 2013-இல் தங்கள் பாணியில் பாடி வெளியிட்டிருக்கிறார்கள். உறுமுவதற்குப் பதிலாக மென்குரலில், வார்த்தைகள் தெளிவாகக் காதில் விழும்படி ஃபோர்ஜ் பாடுகிறார். கனமான உலோகத்தைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறவர்களும் ஒருமுறை கேட்டபின் அந்த மெட்டை முணுமுணுக்கிறார்கள்.

வேஷத்தோடு ஒரு தொடர்கதையும் இருந்தது. ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு புதிய பாப்பா வருவார், பழையவர் போய்விடுவார். உள்ளேயிருந்தது ஒரே மனிதர்தான். ஆயினும் நடையும் பேச்சும் மாறும். 2017 செப்டம்பர் 30-ஆம் தேதி கோதன்பர்க் நகரில் கச்சேரி நடந்து கொண்டிருக்கும்போதே, மூன்றாவது பாப்பாவை இரண்டு பேர் பிடித்து மேடையிலிருந்து இழுத்துச் சென்றார்கள்! பிராணவாயுக் குழாயுடன் ஒரு தொண்டு கிழவர் தள்ளாடி வந்து, புதிய சகாப்தம் தொடங்குவதாக அறிவித்தார். சபையோர் திகைத்தார்கள், சிரித்தார்கள், அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருந்தார்கள். வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்ற வார்த்தை செய்யும் வேலையை இங்கே வேஷம் செய்தது.

அமெரிக்காவின் புகழ்பெற்ற 'கிராமி' பரிசும் 2016 பிப்ரவரியில் கிடைத்தது. அந்த வருஷம் போட்டியில் ஸ்லிப்நாட் கோஷ்டியாரும் இருந்தார்கள். முகமூடி முகமூடியை வென்றது என்று சொல்லலாம். பரிசு பெற மேடையேறியவர்கள் பெயரற்ற கூளிகள். உலகம் கைகொட்டியது. யாருக்குக் கைகொட்டுகிறோம் என்பது உலகத்துக்குத் தெரியாது.

இனித்தான் கதையின் கசப்பான பகுதி வருகிறது.

2017 ஏப்ரலில், முகமூடிக்குள் இருந்து வாசித்த முன்னாள் கூளிகள் நால்வர் லிங்ஷோப்பிங் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். "நாங்கள் கூலிக்கு வாசித்தவர்கள் அல்ல; கோஷ்டியில் பங்காளிகள். லாபத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு" என்பது அவர்கள் கட்சி. "கோஷ்டி என்னுடைய சிருஷ்டி. பாட்டும் கற்பனையும் என்னுடையவை. இவர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள்" என்பது ஃபோர்ஜின் கட்சி. வழக்குத் தாளில் முகமூடிப் பெயரைப் போட முடியாது அல்லவா? ஃபோர்ஜின் சொந்தப் பெயர் ஊரறிய வெளிவந்தது. பாதிரியார்களும் பழமைவாதிகளும் கழற்ற முடியாத முகமூடியைக் கணக்குப் புத்தகம் கழற்றிவிட்டது!

2018 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. கூட்டு வியாபாரம் எதுவும் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளி, எதிர்த்தரப்பின் செலவையும் வழக்குத் தொடுத்தவர்களே கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

சட்டப்படி இது சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். பாட்டு ஒருவருடையது, நாடகம் ஒருவருடையது, கடன்பட்டு அலைந்த காலத்துக் கவலையும் பெரும்பாலும் ஒருவருடையது என்றால், உடைமையும் அவருடையதாக இருப்பதில் வியப்பில்லை. ஆயினும் என் மனம் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருகிறது. முகமூடி எல்லோரையும் சமமாக மறைத்தது என்று நாம் நினைத்தோம். உண்மையில் அது சமமாக மறைக்கவில்லை. தலைவரை மறைத்த முகமூடி அவருக்கு மர்மத்தைத் தந்தது. மர்மம் புகழைத் தந்தது. வாத்தியக்காரர்களை மறைத்த அதே முகமூடி அவர்களை மாற்றத்தக்கவர்களாக ஆக்கியது. ஒரு கூளி போய் வேறொரு கூளி வந்தால் சபையில் யாருக்குத் தெரியப் போகிறது? பெயரைத் துறப்பது பெரிய தியாகம்தான். ஆனால் பத்திரத்தில் பெயர் உள்ளவனுக்கு அந்தத் தியாகம் சுலபம். பத்திரத்திலும் பெயர் இல்லாதவனுக்கு அது பட்டினியில் கொண்டு விடலாம்.

'கிஸ்' கோஷ்டியின் கதையும் இதையே சொல்கிறது. ஆதியில் இருந்த இருவர் விலகிய பிறகு, அவர்களுடைய முகப்பூச்சையே வேறு இருவர் பூசிக்கொண்டு 2023 டிசம்பரில் நடந்த கடைசிக் கச்சேரி வரையில் வாசித்தார்கள். முகம் ஒருவருடையது, மை கம்பெனியுடையது.

இது நிற்க. முகமூடி கழன்றபின் 'கோஸ்ட்' என்ன ஆயிற்று? மர்மம் போனால் மவுசும் போய்விடும் என்று பலர் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. அமெரிக்காவின் 'பில்போர்டு' ஜாபிதாவில் 2013-இல் அவர்கள் இசைத்தட்டு 28-ஆவது இடத்தில் இருந்தது. 2015-இல் 8-ஆவது இடம். வழக்குக்குப் பிறகு, 2018-இல் 3; 2022-இல் 2. அதே வருஷத்தில், 2019-இல் வெளிவந்த பழைய பாட்டொன்றை 'டிக்டாக்' என்னும் செயலியில் இளம்பிள்ளைகள் தாமாகவே கண்டெடுத்து உலகமெல்லாம் பரப்பினார்கள். கடைசியாக, 2025 ஏப்ரலில் வெளிவந்த 'ஸ்கெலெட்டா' என்னும் இசைத்தட்டு முதலிடத்துக்கே வந்தது. அவ்வருஷத்துக் கச்சேரிகளில் சபையோர் தங்கள் கைப்பேசிகளைப் பையில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஒளித்து வைக்க முகம் இல்லாமற் போனபின், அந்த இரவையாவது ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைத்தார்கள் போலும்!

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஜனங்கள் முகமூடிக்குப் பின்னால் யார் என்று அறிவதற்காக வரவில்லை. யார் என்று தெரிந்த பிறகும், தெரியாததுபோல் இரண்டு மணி நேரம் இருப்பதற்காகவே வருகிறார்கள். வேஷக்காரனுக்கும் சபைக்கும் உள்ள மிகப் பழைய உடன்படிக்கை அது. அந்த உடன்படிக்கையை எந்த நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாது.

ஆனால் மேடைக்குப் பின்புறம் எழுதப்படும் உடன்படிக்கை வேறு. அதைக் காகிதத்தில் எழுத வேண்டும். முகமூடி மாட்டிக்கொள்வதற்கு முன்பே எழுத வேண்டும். சினேகம் நன்றாக இருக்கும் நாளில் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள், சினேகம் முறிந்த நாளில் வக்கீல் மூலமாகத்தான் பேச வேண்டி வருகிறது. கூட்டாகச் சேர்ந்து கலை செய்ய நினைக்கும் இளைஞர்கள், கனமான உலோகமாயினும் சரி, மெல்லிய வீணையாயினும் சரி, இந்த ஒரு பாடத்தை லிங்ஷோப்பிங்கிலிருந்து கற்றுக் கொள்ளலாம்.

அடுத்த முறை முகமூடிக் கச்சேரி ஒன்றைக் காண நேர்ந்தால், கைகொட்டும்போது கொஞ்சம் பலமாகவே கொட்டுங்கள். முன்னால் நிற்கும் கிரீடக்காரருக்குப் போக மிச்சமாவது, பின்னால் நிற்கும் கூளிகளுக்குப் போய்ச் சேரட்டும்.