கல்யாணப் பத்திரிகையும் சம்பளச் சீட்டும்

ஓய்வூதியம் வாங்கும் நம் வயதுக்காரர்களுக்குக் காகிதத்தின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிறோம் என்பதற்கே வருடம் ஒரு தடவை சான்று கொடுக்கிற கூட்டம் நாம். எதிரே உட்கார்ந்து பேசினாலும் போதாது, பதிவாக வேண்டும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. புதுச்சேரி அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு கட்டியவன், காகிதம் கேட்பது தப்பு என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் எந்தக் கேள்விக்கு எந்தக் காகிதத்தைக் கேட்கிறோம் என்பது முக்கியம். இந்தப் பெண் இவனுடைய மனைவிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில், இவனுடைய ஆறு மாதச் சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டால், கேள்வியே மாறிப்போகிறது. பிரிட்டனில் அதுதான் நடக்கிறது.

நாட்றாம்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு லண்டன் கதை எதற்கு என்று கேட்பீர்கள். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் இருக்கும் இந்த ஊர் என் மனைவியின் ஊர் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றால் "ஆபீஸ் ஐயா வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவார்கள். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், பி.எஃப். என்று வரும் காகிதங்களுக்கு நடுவில் போன வருடம் ஒரு லண்டன் விசா விண்ணப்பமும் வந்து சேர்ந்தது. அது வெளியார் விண்ணப்பமும் இல்லை. பெண் என் மைத்துனரின் பேத்தி. மாப்பிள்ளை என் அண்ணனின் பேரன்.

பையன் பிரெஞ்சுக் குடிமகன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு வாய்ப்பு இருந்தது. என் அண்ணன் எழுதிக் கொடுத்தார், எங்கள் வீட்டில் மற்றவர்கள் கொடுக்கவில்லை. அவருடைய பேரன் பாரிஸ் பக்கம் பிறந்து, பிரெக்ஸிட்டுக்கு முன்பே லண்டனுக்குப் போய், அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவன். ஓர் உணவகத்தில் சமையல் வேலை. மணிக்கணக்கில் கூலி, ஓவர்டைம் சேர்த்து மாதம் 2,500 பவுண்டு. பெண்ணுக்கு ஓசூரில் கணக்குப் பிரிவில் வேலை, மாதம் 35,000 ரூபாய். 2025 தை மாதம் கல்யாணம் நடந்தது.

பிரிட்டன் சட்டம் என்ன கேட்கிறது? மனைவியையோ கணவனையோ அழைப்பவர் வருடத்துக்கு 29,000 பவுண்டு சம்பாதிக்க வேண்டும். 2012 ஜூலை 9-இல் 18,600 பவுண்டு என்று ஆரம்பித்த வரம்பு இது. 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆனது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதமாவது வேலை பார்த்திருந்தால் மூன்று காகிதம் முக்கியம். ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே ஆறு மாத வங்கிக் கணக்கு, முதலாளி கையெழுத்திட்ட கடிதம். சீட்டில் உள்ள தொகை வங்கியில் வந்து விழுந்திருக்க வேண்டும். கடிதத்தில் எப்போது சேர்ந்தான், என்ன சம்பளம், அந்தச் சம்பளம் எவ்வளவு காலமாக, வேலை நிரந்தரமா இல்லையா என்பதெல்லாம் இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் என்றால் அந்த ஆறு மாதத்தில் எந்தச் சம்பள விகிதம் குறைவோ அதுதான் கணக்கு. மணிக்கூலி என்றால் ஆறு மாதச் சராசரி.

எங்கள் பையனுக்கு எங்கே இடித்தது தெரியுமா? கல்யாணத்துக்காக அவன் சம்பளம் இல்லாத லீவு போட்டு ஊருக்கு வந்தான். அந்த மாதச் சீட்டில் 1,250 பவுண்டுதான். மற்ற ஐந்து மாதம் 2,500 வீதம் 12,500. கூட்டினால் 13,750. வருடத்துக்கு 27,500. வரம்புக்கு 1,500 குறைவு.

"சின்ன தாத்தா, நான் லீவு போட்டதே என் கல்யாணத்துக்குத்தானே?" என்று போனில் கேட்டான். நான் என்ன சொல்ல? அந்தத் தை மாதச் சீட்டு ஆறு மாதக் கணக்கிலிருந்து நகர்ந்து போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். ஆகஸ்டில் விண்ணப்பித்தார்கள். தலைதீபாவளி வீடியோ காலில் நடந்தது. கார்த்திகையில் விசா வந்தது. பெண் இப்போது லண்டனில் இருக்கிறாள். கதை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் அந்தப் பத்து மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாமல் போன விஷயங்கள் மூன்று. என் மைத்துனர் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டதும் இவைதான்.

முதல் கேள்வி, "பெண்ணும் சம்பாதிக்கிறாளே மாமா, ரெண்டையும் கூட்டினால் வந்துவிடுமே?" வராது. மனைவி இந்தியாவில் வாங்கும் சம்பளம் ஒரு காசுகூடக் கணக்கில் சேராது. நாளைக்கு அவள் லண்டனில் வேலைக்குப் போவாள் என்பதும் சேராது. அவள் படித்த பி.காமுக்கும் ஓசூரில் பார்த்த வேலைக்கும் மதிப்பு பூஜ்யம்.

இரண்டாவது, "நிலம் இருக்கிறது, நகை இருக்கிறது, காட்டலாமா?" காட்டி லாபமில்லை. விற்றுப் பணமாக்கி வங்கியில் போட்டால்தான் சேமிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அதிலும் முதல் 16,000 பவுண்டை ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு மேல், குறையும் தொகைக்கு இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். எங்கள் பையனுக்கு 1,500 பவுண்டு குறைந்தது. அதை ஈடுகட்ட 19,750 பவுண்டு ஆறு மாதம் கணக்கில் கிடக்க வேண்டும். நம் பணத்தில் இருபது லட்சத்தைத் தாண்டும். சம்பளமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு, ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய்.

மூன்றாவது, "நாங்கள் மாதாமாதம் உதவுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால்?" இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2012-க்கு முன்னால் அரசு உதவி கேட்காமல் குடும்பம் நடத்த முடியுமா என்று மட்டும்தான் பார்த்தார்கள். உறவினர் தரும் உதவியையும் கணக்கில் எடுக்கலாம் என்று 2009 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. 2012-இல் வந்த விதி அந்தக் கதவைச் சாத்தியது. 2017 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், வருமான வரம்பு வைப்பது சட்டப்படி செல்லும், ஆனால் குழந்தைகளின் நலனை விதி சரியாகப் பார்க்கவில்லை, வேறு வழியில் வரும் பணத்தையும் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் கதவு கொஞ்சம் திறந்தது. அதுவும் விதிவிலக்கான கஷ்டம் உள்ளவர்களுக்கு மட்டும். நம்மைப் போலக் கூடி வாழ்கிற, கஷ்டத்தில் கைகொடுக்கிற குடும்பம் அவர்களுடைய படிவத்தில் இல்லை.

வரம்பு எவ்வளவு உயரம் என்பதற்கும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 2025 ஏப்ரலில் அங்கே 21 வயதானவர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், வருடம் 52 வாரமும் உழைத்தால் 25,397 பவுண்டு. வரம்பைத் தொட வாரம் ஏறக்குறைய 46 மணி நேரம் உழைக்க வேண்டும். அரசே நியாயமான கூலி என்று சொல்லும் தொகையை வாங்கி முழுநேரம் உழைக்கிறவன், அதே அரசின் கண்ணுக்கு மனைவியோடு வாழத் தகுதி இல்லாதவன்!

இனி இதே பையன் கடலைத் தாண்டிப் பிரான்சுக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கு அங்கே இப்படி ஒரு சம்பள வரம்பே கிடையாது. இங்கே நடந்த கல்யாணத்தைப் பிரெஞ்சுத் தூதரகப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கல்யாணம் பொய் இல்லை, ஆளால் ஆபத்து இல்லை என்றால் விசா. புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் 'லிவ்ரே த ஃபமிய்' என்ற குடும்பப் புத்தகத்தை நகையைவிடப் பத்திரமாக வைத்திருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். யார் யாருக்குக் கணவன், யார் யாருக்குப் பிள்ளை என்பதைச் சொல்லும் புத்தகம் அது. யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று அதில் ஒரு வரியும் இருக்காது.

பிரெஞ்சுக்காரர்களைத் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் இருக்கும் இந்தியக் குடிமகன் மனைவியை அழைப்பதென்றால் அங்கும் 12 மாதச் சம்பளக் கணக்கு உண்டு. ஆனால் இரண்டு பேர் குடும்பத்துக்கு அளவுகோல் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம். முழுநேரம் உழைக்கிறவன் அதைத் தொட்டுவிடலாம். அமெரிக்காவில் வறுமைக்கோட்டைப்போல ஒன்றேகால் மடங்கு வருமானம் கேட்கிறார்கள். அது போதாவிட்டால் இன்னொருவர் கூடச் சேர்ந்து பொறுப்பேற்கலாம். கனடாவில் கணவன் மனைவியை அழைக்கப் பெரும்பாலும் வருமான வரம்பு இல்லை. ஆக, இதைவிட மென்மையாகவும் நாட்டை நடத்தலாம் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் வரி கட்டுகிறவர்களுக்குப் பாரமாகக் கூடாது என்கிறது பிரிட்டன் அரசு. நியாயமான கவலைதான். ஆனால் துணைவர் விசாவில் போகிறவர் பொது உதவிப் பணம் எதையும் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை விசாவிலேயே இருக்கிறது. வாங்க முடியாத பணத்துக்காகப் பயந்து வாசலிலேயே நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

என் கட்சி இதுதான். கல்யாணம் உண்மையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டட்டும். குடும்பம் பட்டினி கிடக்குமா என்றும் கேட்கட்டும். ஆனால் அதற்கு ஒரே ஆளின் ஆறு மாதச் சீட்டை மட்டும் பார்க்காமல் முழுக் குடும்பத்தையும் பார்க்கட்டும். பெண்ணின் சம்பளத்தையும் அவள் தொழிலையும் எண்ணட்டும். எழுதிக் கொடுக்கும் உறவினரின் கையெழுத்தை மதிக்கட்டும். வரம்பு வேண்டுமென்றால், அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலியை வாங்கும் உழைப்பாளி எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

சட்டம் மாறும்வரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் மண்டபமும் சீர்வரிசையும் பேசுகிறோம். அதற்கு முன்னால் அவர் சம்பளம் எந்த வழியில் வருகிறது, சீட்டு உண்டா, வங்கிக்குப் போகிறதா, கல்யாண லீவு சம்பளத்தோடா இல்லாமலா என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. துபாய்க்கும் இது பொருந்தும். அமீரகத்தில் மனைவியை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். அதற்கும் கீழே வாங்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் முகாம் அறையில் தனியாக வருடங்களை ஓட்டுகிறார்கள்! சீட்டு சரியில்லை என்று யாராவது பொய்ச் சீட்டு அடித்துத் தருகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிடிபட்டால் அந்த விண்ணப்பம் மட்டும் போகாது, கறை பின்னால் வரும் விண்ணப்பங்களிலும் தொடரும்.

ஓசூர் சிப்காட்டுக்கு நம் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கான்ட்ராக்டர் மூலமாக வேலை பார்த்தாலும் சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளிலேயே இருந்தது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. கையில் எண்ணிக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சீட்டைக் கேட்டு வாங்குங்கள், மாத வாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். இன்றைக்கு அது வண்டிக் கடனுக்கு உதவும். நாளைக்கு நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உழைத்தேன் என்று நீங்கள் சொன்னால் நம்பமாட்டார்கள், அந்தச் சீட்டு சொன்னால்தான் நம்புவார்கள்.