எரிப்பு வேறு, வாயுவாக்கம் வேறு. ஆனால் கடைசியில்?



போன வாரம் என்னிடம் படித்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். "சார், குப்பையிலிருந்து கரண்ட் எடுக்கிறதைப் பத்தி ஒரு நோட்டீஸ் பார்த்தேன். இது எரிப்பு இல்லை, வாயுவாக்கம். அதனால குப்பை எரிக்கிற சட்டம் பொருந்தாதுன்னு போட்டிருக்கு. சரிதானா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

விறகடுப்பு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சுலபம். விறகு புகைந்துகொண்டே இருக்கும். அம்மா ஊதுகுழலை வைத்து ஊதியதும் குப்பென்று பற்றும். அப்போது பற்றியது பெரும்பாலும் அந்தப் புகைதான். காற்று போதாதபோது விறகிலிருந்து எரியக்கூடிய வாயு வெளியேறுகிறது. காற்று கிடைத்ததும் அது எரிகிறது.

ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். வாயுவாக்கும் கலனில் அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் விடுவார்கள். எரித்தால் சூடும் கரியமில வாயுவும் நீராவியும் வரும். வாயுவாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிபொருள் கிடைக்கும். அதை வைத்து இன்ஜினே ஓட்டலாம். இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் கரி வாயுவில் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியில் 9 கிலோவாட் கலன் வைத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள்.

ஆக, இரண்டும் ஒன்றல்ல. அதுவரை நோட்டீஸ் சரி. சட்டம் பொருந்தாது என்பதுதான் தவறு. அந்த வாயு கடைசியில் எங்கே போகிறது? அதே வளாகத்தில் பாய்லரிலோ இன்ஜினிலோ எரிகிறது. குப்பையில் பிவிசி பிளாஸ்டிக் இருந்தால் குளோரினும் வாயுவோடு சேர்ந்து வரும். சுத்தம் செய்யாமல் எரித்தால், ஒரே எரிப்பை இரண்டு கட்டமாகச் செய்ததாகத்தான் பொருள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் இதற்கு நல்ல அளவுகோல் வைத்தது. எரிப்பதற்கு முன்பே, இனி கழிவு என்று சொல்ல முடியாத அளவுக்கு வாயுவைச் சுத்தம் செய்ய வேண்டும். எரித்தால் இயற்கை எரிவாயுவைவிட அதிக மாசு வரக்கூடாது. அப்போதுதான் விலக்கு. நம் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின் புகை வரம்புகளும் எரி உலைகளோடு மற்ற வெப்பத் தொழில்நுட்பங்களையும் சேர்த்தே சொல்லியிருந்தன. அவற்றில் டையாக்சின், ஃபியூரானுக்கு வரம்பு கன மீட்டருக்கு 0.1 நானோகிராமாக இருந்தது. பெயரை மாற்றினால் அந்த வரம்பு மாறியிருக்காது.

அதற்காக எல்லாக் கலன்களையும் குப்பை உலை என்று எதிர்ப்பதும் சரியல்ல. நம் தோப்புகளில் கிடக்கும் காய்ந்த சிரட்டை வேறு, கலந்த குப்பை வேறு. ஆனால் சிரட்டைக் கலனிலும் கவனம் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளையே கொல்லும். வாயுவைக் கழுவிய தார்த் தண்ணீரை ஓடையில் விடக்கூடாது.

எனவே யார் திட்டம் கொண்டுவந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன போடுகிறீர்கள்? வாயுவை எரிக்கும் முன் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? புகைபோக்கியில் வருவதை யார் அளந்து ஊருக்குச் சொல்வது?

நியூட்ரினோ பேச்சைக் கேட்டுப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். புதுச் சொல்லைக் கண்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.