கசகசாவுக்கு இல்லாத பயம்

குருமாவுக்கு கசகசா அரைச்சு ஊத்தும்போது யாருக்கும் கை நடுங்குறதில்லை. அதே செடியோட பச்சைக் காயைக் கீறினா வடியுற பால்தான் அபின். அதுல இருந்து எடுக்குற மார்ஃபின் பேரைக் கேட்டா மட்டும் "ஐயோ, போதை மருந்தாச்சே"ன்னு அலறுறோம். நம்ம அலறினா பரவாயில்லை, டாக்டர்களும் சேர்ந்து அலறுறாங்க பாருங்க, அதான் தாங்கலை.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பெரியப்பாவுக்கு தொண்டையில புற்றுநோய். வலியில படுக்க முடியாம ராத்திரி பூரா உட்கார்ந்தே இருப்பார். பெரிய ஆஸ்பத்திரிதான், பேர் வேணாம். கொடுத்தது பாராசிட்டமால். மார்ஃபின் கேட்டதுக்கு "பழக்கமாயிடும் சார்"னு பதில். மூணு மாசம்னு நாள் குறிச்சாச்சு. 71 வயசுல பழக்கமாகி அவர் என்ன பேங்க்ல கொள்ளையா அடிக்கப் போறார்?

மூளையிலயும் தண்டுவடத்துலயும் இருக்குற மியூ ஏற்பிகள்ல ஒட்டிக்கிட்டு, வலிச் செய்தி மேல போறதை அமுக்குறதுதான் மார்ஃபினோட வேலை. மூச்சை நடத்துற இடத்துலயும் அதே ஏற்பிகள் இருக்கு. அளவு எகிறினா மூச்சு அடங்கும், மறுக்கலை. அதனாலதான் கொஞ்சமா ஆரம்பிச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு வாய்வழியா கொடுத்து, பார்த்துப் பார்த்து ஏத்துறாங்க. மிஞ்சிப் போனா முறிக்க நலாக்சோன் இருக்கு. குமட்டல் பெரும்பாலும் சில நாள்ல அடங்கிடும். மலச்சிக்கல்தான் கடைசி வரைக்கும் விடாது, அதுக்குத் தனி மருந்து கொடுத்தே ஆகணும். உடம்பு பழகுறது வேற, அடிமையாகுறது வேற.

இதுல கொடுமை என்னன்னா, சட்டப்படி அபின் விளைவிச்சு ஏற்றுமதி பண்ற நாடே நம்மதுதான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உ.பி.யில லைசென்ஸ் வாங்கிப் பயிர் பண்றாங்க. நீமச்லயும் காஸிப்பூர்லயும் அரசாங்க ஆலை ஓடுது. ஆனா 1985-ல போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்ததும் மருத்துவ உபயோகம் சரிஞ்சு, 1997-ல மொத்த நாட்டுக்கும் வெறும் 18 கிலோ! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

சட்டத்தைச் சாக்கு சொல்ற காலமும் போயாச்சு. 2014-ல திருத்தம் வந்து, நாடு முழுக்க ஒரே மாதிரி விதி, ஒரே அனுமதி. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1993-ல, டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் கோழிக்கோட்டுல ஆரம்பிச்ச அமைப்பு, வீட்டுல கிடக்குற நோயாளிக்கே மாத்திரை கொடுத்துக் காட்டிடுச்சு.

"அமெரிக்காவுல என்ன ஆச்சு தெரியுமா?"ன்னு கிளம்பாதீங்க. அங்க நாள்பட்ட முதுகுவலிக்கெல்லாம் ஆக்ஸிகோடோனைக் கூவிக் கூவி வித்தாங்க. நான் கேக்குறது சாகக் கிடக்குற மனுஷனுக்கு ஒரு ராத்திரித் தூக்கம்.

உங்க வீட்டு ஆள்கிட்ட எந்த டாக்டராவது "பொறுத்துக்கோங்க"ன்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்கு மார்ஃபின் அனுமதி இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா ஏன் வாங்கலைன்னு எழுத்துல கேளுங்க.