உழுதவரை மறந்த தேசியம்

நகரத்து வக்கீல்களின் மேடைப் பிரசங்கமாக இருந்த தேசியம் கோடானுகோடி ஜனங்களின் இயக்கமாக மாறியது, நிலத்தைப் பற்றிய குறைகளைத் தன் குறைகளாக அது ஏற்றுக்கொண்ட பிறகுதான். 1917-இல் சம்பாரணில், இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கு அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்ற தோட்டத் துரைமார்களின் நிர்ப்பந்தத்தைக் காந்தியடிகள் எதிர்த்து நின்றார். 1928-இல் பர்தோலியில், சர்க்கார் உயர்த்திய நிலவரியைச் செலுத்த மறுத்த குடியானவர்களுக்கு வல்லபபாய் படேல் தலைமை தாங்கினார். இவற்றை நாம் பெருமையோடு நினைவுகூர்வது நியாயமே. ஆயினும், அந்தப் பர்தோலி வயல்களிலேயே பழைய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக உழைத்துவந்த ‘ஹாலி’ என்னும் பண்ணையடிமைகளின் விமோசனம் அப்போராட்டத்தின் கோரிக்கையாக இருக்கவில்லை. நிலம் உடையவரின் குறை தேசத்தின் குறையாயிற்று; அந்நிலத்தில் உழைத்தவரின் குறை அவர் குடிசைக்குள்ளேயே நின்றுவிட்டது.

நம் காவிரிப் படுகையின் சரித்திரமும் இதற்கு விலக்கன்று. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, அவர்களுக்குச் சோறிடுவோரும் இடம் கொடுப்போரும் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் எச்சரித்தும், வழியெங்கும் மக்கள் அவர்களை ஆதரித்தார்கள். அதே ஜில்லாவில், விடியுமுன் வயலில் இறங்கி இருட்டியபின் கரையேறிய பண்ணையாள், மரக்காலால் அளந்து போட்ட நெல்லைக் கூலியாகப் பெற்று, மிராசுதாரின் மனையில் குடிசை போட்டு, வேலைக்குப் பிந்தினால் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக ஏற்று ஜீவித்துவந்தார். அவரைத் தலைநிமிரச் செய்தது, 1940-களில் பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய செங்கொடிச் சங்கமே.

சுதந்திரம் வந்து ஐந்தாண்டுகள் சென்றபின், 1952-இல், அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்து தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நினைத்தபோது வெளியேற்றுவதை அது தடுத்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதி செய்தது. ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலமில்லாத நிலச்சொந்தக்காரர்களை அது கட்டுப்படுத்தவில்லை. மற்றவர்களிலும் பலர் பண்ணையாட்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். சட்டம் பாதுகாக்க முயன்ற உறவே இவ்வாறு கரைந்துபோக, கூலித் தகராறு மட்டும் எஞ்சிற்று. அத்தகராறு முற்றியதில், 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணிக் கிராமத்தில் ஒரே குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்து மாண்டார்கள். அதன் பின்னரே, 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971-இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கும் சட்டமும் பிறந்தன. சுயராஜ்யம் கிடைத்து இருபத்திரண்டாண்டுகள் சென்ற பின்பே நியாயக் கூலிக்கென்று ஒரு சட்டம் உண்டாயிற்று என்பதைச் சுதந்திரதின மேடைகள் சொல்வதில்லை.

தேசபக்தியைப் பற்றி இன்று உரத்துப் பேசுவோர் அனைவரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நில உச்சவரம்புச் சட்டத்தின்கீழ் மிச்சமென்று கண்ட நிலங்கள் பட்டா பெற்ற ஏழைகளின் அநுபவத்தில்தான் உள்ளனவா என்று கிராமந்தோறும் பார்த்து, இல்லாத இடங்களில் மீட்டுக் கொடுங்கள். நாற்று நடும் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான கூலியை உறுதி செய்யுங்கள். உழுபவருக்கு உரிமை சேராத தேசியம் பூர்த்தியடைந்த தேசியம் ஆகாது.