பாரந்தூக்கி வண்டியும் பயிற்சியும்

முற்காலத்தில் பலர் கூடித் தலையிலும் தோளிலும் சுமந்த மூட்டைகளை, இக்காலத்துப் பண்டகசாலைகளிலும் துறைமுகங்களிலும் ஒருவன் ஆசனத்தில் அமர்ந்தபடியே தூக்கி அடுக்குகின்றான். அவன் கையாளும் யந்திரமே போர்க்லிப்ட் எனப்படும் பாரந்தூக்கி வண்டி. அமெரிக்க தேசத்துக் கிளார்க் கம்பெனியார் 1917-ஆம் ஆண்டில் தம் தொழிற்சாலையினுள் பொருள்களைக் கொண்டுசெல்ல அமைத்த வண்டி இதன் முன்னோடிகளுள் ஒன்றாகும். மனிதன் முதுகின் சுமையை இறக்கிய இவ்வண்டியை நாம் பாராட்டுகின்றோம். ஆயினும், மோட்டார் ஓட்டத் தெரிந்தவன் இதனையும் ஓட்டிவிடுவான் என்று கருதிச் சாவியைக் கொடுத்தல் பெருந்தவறு என்பதே நமது துணிபு.

மோட்டார் முன்சக்கரங்களால் திரும்பும். இதுவோ பின்சக்கரங்களால் திரும்பும். ஆதலின் திரும்புங்கால் இதன் பின்புறம் வெளிப்பக்கமாய் வீசி, அருகே நிற்போனை மோதக்கூடும். மேலும், இவ்வண்டி ஒரு துலாக்கோல் போன்றது. முன்சக்கரங்களின் அச்சே அதன் தாங்குமிடம். முன்னேயுள்ள கவைகளில் சரக்கும், பின்னே அதற்கு ஈடான எதிர்ப்பாரமும் அமைந்துள்ளன. அச்சினின்று 400 மில்லிமீட்டர் தள்ளிக் கவையின் முகமும், அம்முகத்தினின்று 500 மில்லிமீட்டர் தள்ளிச் சரக்கின் மையமும் இருக்க, 2,000 கிலோகிராம் தூக்கவல்ல வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். சரக்கின் மையம் 700 மில்லிமீட்டருக்கு நகருமாயின், நெம்புகோல் விதிப்படி அவ்வண்டி ஏறக்குறைய 1,636 கிலோகிராமையே தாங்கும். உயரத் தூக்குந்தோறும் நிலைப்பு இன்னுங் குறையும். வெறும் வண்டியுங்கூட விரைந்து திரும்பினாற் பக்கவாட்டிற் கவிழும்.

இக்காரணங்களை அறிந்தவனுக்கு விதிகள் வெறுங் கட்டளைகளாகத் தோன்றா. செல்லும்போது கவைகளைத் தாழ்த்தி வைத்தல் வேண்டும். சரிவில் ஏறினும் இறங்கினும் சரக்கு மேட்டுப் பக்கமே இருத்தல் வேண்டும். சமதளத்திற் சரக்குக் கண்ணை மறைக்குமாயின் பின்னோக்கி ஓட்டுதல் வேண்டும். உயர்த்திய கவையின் கீழ் எவரும் நிற்றலாகாது. வண்டி கவிழுங்கால் குதித்துத் தப்ப எண்ணுவது இயல்பே. ஆனால் குதித்தவன் வண்டியின் மேற்கூரையின்கீழ் நசுங்கி மடிதல் கூடும். ஆசனப் பட்டையணிந்து, சுக்கானை இறுகப்பற்றி, கால்களை ஊன்றி, கவியும் பக்கத்திற்கு எதிரே சாய்ந்திருத்தலே உயிர் காக்கும் வழி. இயற்கைக்கு மாறான இச்செயல், அருகிருந்து வேடிக்கை பார்ப்பதனால் வருமோ? பயிற்சியினாலன்றி வாராது.

ஐக்கிய அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டு வெளியான தொழிற்பாதுகாப்பு விதி இதனை நன்குணர்ந்து இயற்றப்பெற்றது. பாடம், செய்முறைப் பயிற்சி, வேலைத்தலத்திற் சோதனை ஆகிய மூன்றையும் அது வேண்டுகின்றது. மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் ஓட்டுநரின் திறமையை மதிப்பிடவும், விபத்தோ, விபத்தாகாமல் தப்பிய நிகழ்ச்சியோ நேரின் மீண்டும் பயிற்றவும் பணிக்கின்றது. இக்கடமையனைத்தையும் அது வேலை கொடுப்போன் மீதே சுமத்துகின்றது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

பயிற்சியால் நாளும் பொருளும் வீணாகும் என்பாருமுளர். சரக்கு ஒருநாள் தாமதித்தால் மறுநாள் அனுப்பலாம். நசுங்கிய காலை மறுநாள் பெறவியலுமோ? கூலியாளின் அசட்டையே விபத்துக்குக் காரணமென்பர் வேறு சிலர். கல்லாதவனிடம் யந்திரத்தை ஒப்புவித்து, விரைந்து முடி என்று நெருக்கியவனது அசட்டையை அவர் கணக்கிலெடுப்பதில்லை.

மாணாக்கர்காள்! நம் கலாசாலையினின்று வெளியேறுவோருட் பலர் இவ்வண்டியை ஒருநாளும் ஓட்டமாட்டார். ஆயினும், அதன் சாவியை மேசையில் வைத்திருக்கும் அதிகாரிகளாகச் சிலரேனும் ஆவர். அன்று, சாவி கேட்டு நிற்பவன் முறையே கற்றுத் தேறினவனோ என்று வினவுக. இல்லையெனில் கற்பித்த பின்னரே கொடுக்க. நெம்புகோல் விதியைப் பரீட்சைக்காகப் படித்த நாம், அவ்விதி பிறனொருவன் உயிரைத் தாங்கி நிற்குமிடத்தில் அதனை மறத்தல் கல்விக்கு அழகன்று.