பார்த்தால் பரவும் என்னும் பொய்

தன்பாலினக் காதலைத் தொலைக்காட்சியில் காட்டினால் இளையோர் அதைப் பார்த்துப் பழகிக்கொள்வார்கள், காட்டாவிட்டால் அது தலையெடுக்காது என்பது பல நாடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. சீனாவில் அது விதியாகவே எழுதப்பட்டது. 2016-ல் வெளியான தொலைக்காட்சித் தொடர்களுக்கான விதிகள் தன்பாலினக் காதலை இரத்த உறவினரிடையிலான பாலுறவு, பாலியல் வன்கொடுமை ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் சேர்த்து விலக்கின. இத்தனைக்கும் அங்கே அது குற்றம் அன்று. தன்பாலினரைத் தண்டிக்கப் பயன்பட்ட பிரிவு 1997-ல் குற்றவியல் சட்டத்திலிருந்து நீங்கியது. 2001-ல் மனநோய்ப் பட்டியலிலிருந்தும் அது எடுக்கப்பட்டது. சட்டமும் மருத்துவமும் துடைத்த பழியைத் தணிக்கை மறுபடி பூசுகிறது.

பள்ளி மாணவர் இருவரின் காதலைச் சொன்ன ‘அடிக்டட்’ என்ற வலைத்தொடர், 2016 பிப்ரவரியில் முடியும் முன்பே சீனத் தளங்களிலிருந்து அகற்றப்பட்டது. 2018 மே மாதம் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அயர்லாந்துப் பாடகரின் பின்னால் இரண்டு ஆண்கள் கைகோத்து ஆடினார்கள். அதைச் சீனாவில் ஒளிபரப்பிய மேங்கோ டிவி அந்தப் பாட்டையே நீக்கியது. அரங்கில் அசைந்த வானவில் கொடியையும் மங்கலாக்கியது. போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் உடனே அதனுடனான ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் மேடையில் நடிகர் ராமி மாலெக், பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியைத் தன்பாலீர்ப்பாளர் என்று குறிப்பிட்டபோது, மேங்கோ டிவியின் மொழிபெயர்ப்பு ‘சிறப்புக் குழு’ என்று மழுப்பியது. சீன இளைஞர்கள் ஆங்கிலம் பழகப் பார்த்துவந்த அமெரிக்கத் தொடர் ‘ஃப்ரெண்ட்ஸ்’ 2022-ல் மீண்டும் வந்தபோது, அதில் வரும் ராஸின் முதல் மனைவி தன்பாலீர்ப்பாளர் என்பதைச் சொல்லும் வசனங்கள் வெட்டப்பட்டிருந்தன. இவற்றில் எதுவும் ஆபாசக் காட்சி அன்று. ஒருவர் இன்னார் என்று சொல்வதே வெட்டுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பார்ப்பதால் ஈர்ப்பு மாறும் என்றால் உலகில் தன்பாலினரே இருக்க முடியாது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்-பெண் காதலையே கதையிலும் பாட்டிலும் படத்திலும் கண்டு வளர்ந்தவர்கள். ஆயிரம் கல்யாணக் காட்சிகள் மாற்றாத மனத்தை ஒரு தொடரின் ஒரு வசனம் மாற்றிவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தன்னுள் அந்த ஈர்ப்பை உணரும் பிள்ளை, தன்னைப்போல் ஊரில் எவருமே இல்லை என்று எண்ணித் தனியே புழுங்குவதுதான் இந்த வெட்டுகளின் விளைவு. தணிக்கை செய்யும் கொடுமைகளில் இதுவே பெரிது.

தன்பாலினக் காதல் மேலைநாட்டு இறக்குமதி என்ற வாதமும் நிற்காது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஆண்ட ஹான் பேரரசர் ஆய், தம் அங்கியின் கைமேல் உறங்கிய காதலர் தோங் சியனை எழுப்ப மனமின்றி அந்தத் துணியை அறுத்துவிட்டு எழுந்தார் என்று ‘ஹான் வரலாறு’ சொல்கிறது. சீனத்தின் பழைய வரலாற்று நூலே மறைக்காத செய்தி இது.

குழந்தைகளைக் காப்பது நோக்கமானால் வயதுவாரித் தரச்சான்று போதும். சீனத் திரைப்படங்களுக்கு அப்படி ஒரு முறையே இல்லாததால், குழந்தைக்கு ஆகாது என்று வெட்டப்படுவது அறுபது வயதினருக்கும் கிடைக்காமல் போகிறது. ஆண்-பெண் காதல் காட்சிக்கு எந்த வயது வரம்போ, அதே வரம்பு தன்பாலினக் காதலுக்கும் பொருந்த வேண்டும். அதற்கு மேல் விழும் ஒவ்வொரு வெட்டும், குற்றம் எதுவும் செய்யாத குடிமக்கள்மீது அரசு செலுத்தும் அநீதி.